ரீச்சரிடம் கேளுங்கள்: வீடு தேடி வரும் ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும்?

நோயாலோ உடல் இயலாமையாலோ பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைகளுக்கு அரசு செலவில் வீட்டிலேயே படிப்பிக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் வட்ஸ்அப் செய்திகளும் நான் நினைத்ததை விட அதிகம். பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்தன. அப்படி வருகிறவர் யார், என்ன படித்திருக்க வேண்டும், அதை யார் பார்ப்பது? 31 வருடம் ஆசிரியராக இருந்தேன். அதில் கடைசி 14 வருடம் விசேட கல்விக்கான ஆசிரிய ஆலோசகர். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான எழுவான்கரை, படுவான்கரை என்று வீடு வீடாக ஏறி இறங்கிய ஆள் என்பதால் இந்தக் கேள்விகளை அவசரமாகக் கடந்துபோக மனம் வரவில்லை. இந்த மாதம் முழுப் பக்கமும் இதற்கே. பிள்ளைகளின் விஷயம் என்பதால் பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: ரீச்சர், மகன் 8ஆம் வகுப்பு. இரத்தப் புற்றுநோய்க்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் வைத்தியம் நடக்கிறது. இன்னும் எட்டு ஒன்பது மாதத்துக்குப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அரசாங்கம் வீட்டுக்கு ஆசிரியரை அனுப்புமா? பக்கத்து வீட்டில் உயர்தரம் முடித்த பிள்ளை ஒன்று தான் வந்து படிப்பிக்கிறேன் என்கிறது. அது போதுமா?
*ஒரு தாய், களுவாஞ்சிகுடி*

மகள், முதலில் தம்பி சுகமாகி வரட்டும். இதே வருத்தம் வந்து, வைத்தியம் முடித்து, மறுபடி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்பில் வந்து இருந்த பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். 1945இலிருந்து இலங்கையில் எங்களுக்கு இலவசக் கல்வி இருக்கிறது. பிள்ளை கட்டாயமாகப் படிக்க வேண்டிய வயது முன்பு 14 வரை இருந்தது. 2016இல் அதை 16 ஆக்கினார்கள். ஆனால் பள்ளிக்கூடம் போக ஏலாத பிள்ளைக்கு ஆசிரியர் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோருக்குப் பணம் தரும் மானியம் எங்களிடம் இல்லை. இது இருக்க வேண்டும் என்பதுதான் நான் போன மாதம் எழுதியது. சட்டம் பிள்ளையைப் படிக்கச் சொல்கிறது என்றால், படிக்க வழி செய்வதும் சட்டம் போட்டவரின் பொறுப்பு.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை இந்தக் கிழமையே செய்யுங்கள். வைத்தியசாலை அட்டையின் போட்டோகொப்பியை வைத்து அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பிரதி ஒன்று வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. வரவு குறைந்தது என்று இடாப்பிலிருந்து பெயரை வெட்டிவிட்டால், பிறகு பிள்ளையைத் திரும்பச் சேர்ப்பதற்கு அலைய வேண்டி வரும். கடிதத்தில், வகுப்பாசிரியர் மாதத்துக்கு ஒருமுறையாவது வேலைத்தாள் தந்துதவும்படி கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துபோகும். எழுதிக் கேட்டால் கோப்பில் இருக்கும்.

இனி, யார் படிப்பிப்பது? உங்கள் மகனுக்கு மூளையிலோ பேச்சிலோ கேட்பதிலோ குறை இல்லை. அவனுக்கு விசேட கல்வி படித்தவர் தேவையில்லை. தேவையானது, 8ஆம் வகுப்புக் கணிதமும் விஞ்ஞானமும் இந்த வருடம் எந்த ஒழுங்கில் போகின்றன என்று தெரிந்தவர். அவனுடைய பள்ளிக்கூடத்திலேயே ஒருவர் கிடைத்தால் அதைவிட நல்லது ஒன்றும் இல்லை. கிழமைக்கு இரண்டு நாள் வந்தாலே போதும், திரும்பிப் போகும்போது வகுப்பு எங்கே நிற்கிறதோ அங்கே அவனும் நிற்பான். தமிழ், வரலாறு போன்ற வாசிக்கும் பாடங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கட்டாயம் உதவலாம். ஆனால் கணிதத்தை அந்தப் பிள்ளையின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். தான் செய்வது வேறு, மற்றவர் எங்கே பிழை விடுகிறார் என்று கண்டுபிடிப்பது வேறு.

இன்னொன்றும் உண்டு, இதையும் நான் தகுதி என்றுதான் சொல்வேன். மருந்து ஏற்றிய பிள்ளைக்குக் கிருமி கெதியாகத் தொற்றும். வருகிறவர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். தடிமன், இருமல் என்றால் அன்றைக்கு வரக்கூடாது. பாடம் 20 நிமிடம், பிறகு ஓய்வு, முடிந்தால் இன்னொரு 20. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கொப்பியை மூடத் தெரிந்தவரா என்று பாருங்கள். "சிலபஸ் முடிக்க வேணும்" என்று மட்டும் நிற்பவர் எவ்வளவு படித்திருந்தாலும் இந்த வருடத்துக்கு உங்கள் மகனுக்குப் பொருந்த மாட்டார்.

கேள்வி: அக்கா டப்ளினில் இருக்கிறா. இங்கே ஆறு வருடம் பயிற்றப்பட்ட ஆசிரியையாக இருந்தவ. அவவின் மகனுக்கு ஓட்டிசம், 5 வயது. பள்ளிக்கூட இடம் கிடைக்கும் வரை வீட்டில் படிப்பிக்க அயர்லாந்து அரசு பணம் தருகிறதாம். ஆனால் ஆசிரியர் கிடைக்கவில்லை. "நானே ரீச்சர்தானே, நானே படிப்பித்து அந்தப் பணத்தை எடுக்க ஏலாதா" என்று கேட்டதற்கு முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். இது என்ன நியாயம்?
*தங்கை, மட்டக்களப்பு*

தங்கச்சி, அக்காவின் மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் அந்த நாட்டின் விதி சரி என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, அந்தத் திட்டம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அயர்லாந்தில் பள்ளிக்கூட இடத்துக்குக் காத்திருக்கும் விசேட தேவையுள்ள பிள்ளைக்குக் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை வீட்டுக் கல்விக்கு அரசு பணம் ஒதுக்குகிறது. ஓட்டிசம் உள்ள, மூன்று வயதும் நிரம்பாத சின்னப் பிள்ளைகளுக்கு 10 மணித்தியாலம். ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது பெற்றோரின் வேலை. தகுதியைத் தீர்மானிப்பது அரசு. வருகிறவர் அந்த நாட்டின் ஆசிரியர் பேரவையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அங்கே பொலிஸுக்குக் கார்டா என்று பெயர். பிள்ளைகளோடு வேலை செய்கிற எவரும் கார்டாவின் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும் என்ற சட்டம் 2016இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வீட்டு ஆசிரியருக்கும் அது உண்டு. பதிவுபெற்றவர் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால், பொருத்தமான துறையில் பட்டம் உள்ளவரை ஏற்க இடம் இருக்கிறது. ஆனால் அவருக்கு மணித்தியாலக் கொடுப்பனவு குறைவு. பிள்ளையின் தாய், தகப்பன் போன்ற குடும்பத்தவர் மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

இதற்கு அடிப்படையான பழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது. 2014 ஜனவரி 28இலிருந்து, பேரவையில் பதிவில்லாத ஒருவருக்கு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் என்ற பெயரில் அரச பணத்தில் சம்பளம் கொடுக்க முடியாது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு தரம், வீட்டில் கிடக்கும் பிள்ளைக்கு அதைவிடக் குறைந்த தரம் என்று எடுத்த எடுப்பிலேயே விடவில்லை. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

சரி, தாயை ஏன் தடுக்கிறார்கள்? வகுப்பறையில் ஆசிரியர் பிழை விட்டால் பக்கத்து வகுப்பு ரீச்சருக்குத் தெரியும், அதிபருக்குத் தெரியும், மற்றப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லும். வீட்டுச் சுவருக்குள்ளே அதெல்லாம் இல்லை. படிப்பித்ததா இல்லையா, பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்று எழுதுகிறவரும் தாய், பணம் எடுக்கிறவரும் தாய் என்றால், உங்கள் அக்கா போன்ற நேர்மையானவருக்குப் பிரச்சினை இல்லை. எல்லா வீடும் அப்படி இராது. அதோடு, ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தாயைத் தவிர இன்னொருவரோடு பழகுவதே பாதிப் படிப்பு. அம்மாவின் கண்ணசைவில் எல்லாம் நடந்துவிடுகிற வீட்டில் அந்தப் பிள்ளை வாய் திறந்து கேட்க வேண்டிய தேவையே வராது.

அக்காவுக்கு நான் சொல்வது இது. இங்குள்ள பயிற்சிச் சான்றிதழையும் பெறுபேற்றுப் பத்திரங்களையும் எடுத்து அனுப்புங்கள். வெளிநாட்டுத் தகுதியை மதிப்பிட்டுப் பதிவு தரும்படி அந்தப் பேரவைக்கு அவர் விண்ணப்பிக்கட்டும். ஆரம்பப் பிரிவு என்றால் ஐரிஷ் மொழி பற்றிய நிபந்தனையும் வரும், காலம் எடுக்கும். ஆனால் பதிவு கிடைத்துவிட்டால் மற்றத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அவர் போகலாம். அப்படி ஒரு ஆசிரியையைத் தேடித்தான் இப்போது அவரே அலைகிறார்.

கேள்வி: நீங்கள் எப்போதும் பயிற்சி, சான்றிதழ் என்றுதான் எழுதுகிறீர்கள். இப்படியான பிள்ளைகளுக்கு வேண்டியது அன்பும் பொறுமையும் அல்லவா? அது உள்ளவர் யார் என்றாலும் போதாதா?
*வாசகர், கல்முனை*

இந்தக் கேள்விக்கு என் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

2003. கிழக்குப் பல்கலைக்கழகப் பட்டமும் பதினொரு வருட அனுபவமும் என்னிடம் இருந்தன. விசேட கல்வி பற்றி ஒரு நாள் பயிற்சிகூட இல்லை. மண்டூர்ப் பக்கம் ஒரு பிள்ளை, 9 வயது, பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கை கால் இறுகியது, பேச்சு வரவில்லை, பாயில்தான் படுக்கை என்று கேள்விப்பட்டு, நானாகவே போய்ப் படிப்பிக்கத் தொடங்கினேன். புதனும் சனியும். பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் குருமண்வெளித் துறைக்குப் போய், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடந்து, அக்கரையில் இறங்கி இன்னும் கொஞ்சத் தூரம். அன்பு இல்லாதவள் அந்த வெயிலில் போவாளா? பொறுமையும் இருந்தது.

நான் செய்தது என்ன தெரியுமா? சுவரோடு சாய்த்து இருத்தி, இறுகிப்போன விரல்களைப் பிரித்து, பென்சிலை வைத்து, றப்பர் வளையத்தால் கட்டி, அந்தக் கையைப் பிடித்து "அ" எழுத வைத்தேன். மூன்றரை மாதம். பிள்ளை அழும். நான் பாட்டுப் பாடிச் சமாளிப்பேன். தாய் "சோம்பல் ரீச்சர், விடாதீங்க" என்பார். கடைசியில் என் சைக்கிள் மணி படலையில் கேட்டாலே அந்தப் பிள்ளையின் உடம்பு வில் போல வளையத் தொடங்கியது.

ஒருநாள் தாயோடு கிளினிக்குக்குப் போனேன். உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிற ஒரு பெண், என்னை விட வயதில் குறைந்தவர், பிள்ளையின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "இவவுக்கு இங்க சரியா நோகுது. முதல்ல பிள்ளையை ஒழுங்கா இருத்துங்க, மறுகா எழுத்தைப் பார்ப்பம்" என்றார். எனக்குக் கால் நடுங்கியது. தலையை நிமிர்த்திப் பிடிப்பதற்கே அந்தப் பிள்ளை முழுப் பலத்தையும் செலவழிக்கிறது, நான் அதன் மேலே பென்சிலை வேறு ஏற்றியிருக்கிறேன் என்பதை அவர் பத்து நிமிடத்தில் செய்து காட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு சின்னப் பிளாஸ்ரிக் கதிரை. இரண்டு பக்கமும் பழைய சீலையைச் சுருட்டி முட்டுக் கொடுத்தோம். கால் தொங்காமல் கீழே செங்கல் அடுக்கி மேலே சாக்கு. நெஞ்சுக்குக் குறுக்கே மெத்தென்ற துணிப்பட்டி. பால்மாப் பெட்டி அட்டையை வெட்டி, நான்கு மூலையிலும் ஒவ்வோர் எழுத்து. கை வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். இரண்டாம் கிழமை, வளவில் கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து என் கொப்பியின் மூலையைக் கடித்துவிட்டது. நான் அதைத் துரத்திவிட்டுத் திரும்பினேன். பிள்ளை அட்டையின் இடது மேல் மூலையைப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்தது. பிறகு வலது கீழ் மூலையைப் பார்த்தது. "ஆ". "டு". அண்ணன் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசிக்கக் கேட்டுக் கேட்டே அந்தப் பிள்ளை எழுத்தெல்லாம் படித்திருந்தது. எத்தனை வருடமாக அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு படுத்திருந்ததோ. நான் அந்தப் பிள்ளைக்கு எழுத்துப் படிப்பிக்க வந்தவளாம்.

அடுத்த வருடமே நான் விசேட கல்விப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். அன்பு என்னை வாவியைக் கடக்க வைத்தது, உண்மை. ஆனால் அந்த மூன்றரை மாத நோவையும் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது அதே அன்புதான். அதனால்தான் சொல்கிறேன்: கை கால் இறுகிய பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, வலிப்பு வரும் பிள்ளை, இவர்களின் வீட்டுக்கு அரச பணத்தில் ஒருவர் போவதாக இருந்தால், அவருக்கு ஆசிரியர் பயிற்சி இருக்க வேண்டும், அதற்கு மேலே அந்தப் பிள்ளையின் குறையைப் பற்றிய தனிப் பயிற்சியும் இருக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

கேள்வி: பட்டதாரியா, கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவா? ஒருவருக்குத்தான் பணம் என்றால் யாரை எடுப்பீர்கள்?
*வாசகர், செங்கலடி*

ஆரம்பப் பிரிவுப் பிள்ளை என்றால் கல்வியியற் கல்லூரிக்காரரை. இரண்டு வருடம் படித்து, ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் கட்டுறுப் பயிலுநராக நின்று பழகியவர் அவர். உயர்தர இரசாயனவியல் என்றால் பட்டதாரியை.

கேள்வி: தமிழ்நாட்டில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று அரசு தொடங்கியது. 12ஆம் வகுப்புப் படித்த பிள்ளைகளே மாலையில் படிப்பித்தார்கள். இங்கே வேலையில்லாமல் எத்தனை பிள்ளைகள் உயர்தரம் முடித்துவிட்டு இருக்கிறார்கள். நாங்களும் அப்படிச் செய்யலாமே? பெரிய பெரிய தகுதி கேட்டால் வாகரைக்கும் வெல்லாவெளிக்கும் யார் வரப்போகிறார்கள்?
*ஓய்வுபெற்ற அதிபர், திருக்கோவில்*

ஐயா, உங்கள் கடிதம்தான் என்னைக் கனநேரம் யோசிக்க வைத்தது.

அந்தத் திட்டத்தை நானும் ஆர்வமாகக் கவனித்திருக்கிறேன். கொவிட் காலத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியை நிரப்ப, 2021 ஒக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிவைத்தார்கள். 1 முதல் 5 வரை படிப்பிக்க 12ஆம் வகுப்புத் தேறியவர், 6 முதல் 8 வரை பட்டதாரி, மாதம் 1000 ரூபா ஊக்கத்தொகை, மாலையில் ஒரு மணியோ ஒன்றரை மணியோ, சுமார் 20 பிள்ளைகள். இங்கிலாந்திலும் அதே காரணத்துக்காக 2020 முதல் 2024 வரை அரச பணத்தில் ரியூசன் திட்டம் ஒன்று நடந்தது. பள்ளிக்கூடங்கள் தாங்களே எடுத்துக்கொண்ட ஆசிரியர்களில், ஆசிரியத் தகுதி இல்லாதவருக்கு 11 மணித்தியால ஒன்லைன் பயிற்சி வைத்தார்கள்.

நல்ல வேலைகள்தான். ஆனால் இரண்டிலும் படித்தது பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளை. காலையில் அந்தப் பிள்ளைக்கு ஒரு முறையான ஆசிரியர் இருக்கிறார். மாலையில் வருகிறவர் துணை. துணைக்கு 12ஆம் வகுப்புப் போதும். நான் பேசுகிற பிள்ளைக்குக் காலை ஆசிரியர் இல்லை. வீட்டுக்கு வருகிற அந்த ஒருவர்தான் அதற்குப் பள்ளிக்கூடம் முழுவதும்.

குறுகிய பயிற்சியை நம்பி என்ன நடந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு 2005இல் கரையோரத்தில் ஒரு நிறுவனம், மூன்று நாள் பயிற்சி கொடுத்து, லெமினேட் பண்ணிய சான்றிதழோடு இளம் பிள்ளைகளைத் தற்காலிகக் கொட்டில்களுக்குப் படிப்பிக்க அனுப்பியது. ஒரு பையனைப் பற்றி ஐந்து மாத அறிக்கையிலும் "கவனம் இல்லை, பிடிவாதம்" என்று எழுதியிருந்தது. நான் அவனுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். திரும்பவில்லை. அவனுக்குக் காது கேட்பதே மட்டுமட்டு. அந்த அறிக்கையை எழுதிய பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. எதைத் தேடிப் பார்ப்பது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. தகுதியை மட்டும் எழுதி வைத்துவிட்டு ஆளைத் தராவிட்டால், தூரத்துப் பிள்ளைக்கு ஒன்றுமே கிடைக்காது. அதற்காக வாகரைக்கு ஒரு தரம், நகரத்துக்கு ஒரு தரம் என்று இறக்கக்கூடாது. தகுதியை அடையும் செலவையும் அரசே ஏற்க வேண்டும். வாகரையில், வெல்லாவெளியில், பொத்துவிலில் உள்ள அந்த உயர்தரம் முடித்த பிள்ளைகளையே உதவியாளராக எடுக்கட்டும். தகுதியுள்ள ஆசிரியர் கிழமைக்கு ஒரு நாள் வந்து பிள்ளையைப் பார்த்து, என்ன செய்வது என்று காட்டிவிட்டுப் போகட்டும். மற்ற நாட்களில் உதவியாளர் அதைச் செய்யட்டும். அவருடைய படிப்புச் செலவைக் கட்டி, நாலு வருடத்தில் அவரையே தகுதியுள்ளவராக்கட்டும். ஆசிரியருக்குப் பாதைக்கும் பஸ்ஸுக்கும் எடுக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். வாவியைக் கடக்கிற இரண்டு மணித்தியாலத்துக்குச் சம்பளம் இல்லை என்றால், எவ்வளவு நல்லவரும் மூன்றாம் மாதம் நின்றுவிடுவார்.

கேள்வி: வயது 22. உயர்தரம் கலைப்பிரிவு. விசேட தேவையுள்ள தம்பி ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். இந்தத் துறையில் முறையாகப் படிக்க ஆசை. எங்கே தொடங்குவது?
*சகோதரர், நிந்தவூர்*

தம்பி, இப்படி ஒரு கடிதம் வந்தாலே எனக்கு அந்த நாள் நல்ல நாள்.

தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது, விசேட கல்விப் பாடநெறி எந்தக் கல்லூரியில், எந்த மொழியில் என்று வடிவாகப் பாருங்கள். உங்களுக்குக் கிட்டவே அட்டாளைச்சேனைக் கல்லூரி இருக்கிறது. மட்டக்களப்புக் கல்லூரி தாழங்குடாவில். வயதெல்லையையும் உயர்தரம் எழுதிய ஆண்டையும் அந்த அறிவித்தலில் கவனியுங்கள், பலர் அதில்தான் தவறவிடுகிறார்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் விசேட தேவைக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் மட்டக்களப்பு நிலையத்துக்கு நேரே போய், உங்கள் பெறுபேற்றுக்கு இப்போது எது திறந்திருக்கிறது என்று கேளுங்கள். முன்பள்ளி, சிறுவர் பராமரிப்பு என்று தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டம் செய்வதும் ஒரு படி. ஆனால் அது ஆசிரியத் தகுதி ஆகாது.

ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஆறு கிழமையில் "சர்வதேச டிப்ளோமா" தருகிற இடங்களுக்குப் போகுமுன், அந்தச் சான்றிதழை வலயக் கல்வி அலுவலகம் ஏற்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

வீட்டில் தம்பியோடு இருக்கும் அனுபவம் பெரிய முதல். அதை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். எந்த நேரம் தம்பிக்குக் கோபம் வருகிறது, அதற்கு முன் என்ன நடந்தது, எதனால் ஆறியது. பயிற்சிக்குப் போகும்போது உங்களிடம் ஒரு வருடக் குறிப்பு இருந்தால், அங்கே சொல்லித்தருவது உங்களுக்கு வேறு விதமாக விளங்கும்.

கேள்வி: பேத்திக்குப் படிப்பிக்க வருகிற சேர் கதவைச் சாத்திக்கொண்டுதான் படிப்பிப்பாராம். சத்தம் இருந்தால் பிள்ளைக்குக் கவனம் சிதறும் என்கிறார். பெரிய படிப்புப் படித்தவர். என்ன சொல்வது?
*அம்மம்மா, ஆரையம்பதி*

அம்மா, கதவு திறந்தே இருக்கட்டும். எவ்வளவு படித்தவர் என்றாலும் சரி, இதில் பேச்சே வேண்டாம். சத்தம் என்றால் ரேடியோவை நிறுத்துங்கள், நீங்கள் திண்ணையில் பார்க்கக்கூடிய இடத்தில் இருங்கள். பொலிஸ் நற்சான்றிதழும் கிராம சேவகரின் கடிதமும் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல ஆசிரியர் இதற்குக் கோபிக்க மாட்டார், தானே கொண்டுவந்து தருவார். பிள்ளை அவரைக் கண்டு ஒளிந்தாலோ, காரணமில்லாமல் படுக்கையில் சலம் போகத் தொடங்கினாலோ வகுப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு மெதுவாகக் கதையுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம்.

கேள்வி: மகளுக்கு 7 வயது, பேச்சு இல்லை. ஒரு விசேட கல்வி ரீச்சர் தன் சொந்த நேரத்தில் வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பு. நாங்கள் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? அவ நல்லாப் படிப்பிப்பாவா என்று எங்களைப் போல் படிக்காத ஆக்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?
*தகப்பன், வாகரை*

தம்பி, புதுக் கொப்பி, பை ஒன்றும் வாங்க வேண்டாம். மகள் பசி என்றால் எப்படிக் காட்டுவாள், வேண்டாம் என்றால் என்ன செய்வாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் நோகும், எந்தச் சத்தத்துக்குப் பயம், இவ்வளவையும் ரீச்சரிடம் சொல்லுங்கள். மருந்து ஏதும் எடுத்தால் அந்தத் துண்டையும் காட்டுங்கள். முதல் நாள் அவர் பாடம் ஒன்றும் நடத்தாமல் இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, மகளோடு பாயில் இருந்துவிட்டுப் போனால் குறை நினைக்காதீர்கள். தெரிந்தவர் அப்படித்தான் தொடங்குவார்.

இன்னொன்றைக் கவனியுங்கள், இதற்குப் படிப்புத் தேவையில்லை. மகளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, ரீச்சர் வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறாரா என்று பாருங்கள். பத்து விநாடி, பதினைந்து விநாடி. மண்டூர்ப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் எடுத்தது.